ஒரே மாதத்தில் நாவல்: ஏற்கலாமா, வேறு வழியில் போகலாமா?

நாவல் எழுதும் ஆசையில் முதல் மூன்று அத்தியாயங்களை முடித்துவிட்டு, அந்த மூன்றையே ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். என் கதை ஒரு ரைஸ் மில்லைப் பற்றியது. அவித்த நெல் களத்தில் காய்வதை வர்ணிக்கும் முதல் பக்கத்தை எத்தனை முறை மாற்றி எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. களத்தில் கிடந்த அந்த நெல் நான்கு ஆண்டுகளாக மில்லுக்குள் போகவே இல்லை.

இந்த நிலையில் இருப்பவருக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. முப்பது நாளில் முழுக் கதையையும் எழுதி முடிக்கும் சவாலை ஏற்பது ஒன்று. நாளுக்கு முந்நூறு சொல் என்று அரை ஆண்டு, ஓராண்டு எழுதுவது இன்னொன்று. வாரம் ஓர் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதுவது மூன்றாவது. வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவது நான்காவது. முதல் மூன்றையும் நானே செய்து பார்த்திருக்கிறேன். நான்காவதைப் பற்றி வாசித்ததையும் யோசித்ததையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

முப்பது நாள் சவால் உலகம் முழுவதும் பரவியதற்குக் காரணம் அமெரிக்காவில் தொடங்கிய 'நானோரைமோ' ('தேசிய நாவல் எழுதும் மாதம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கிறிஸ் பேட்டி என்பவரும் அவருடைய நண்பர்களுமாக 21 பேர் இதை ஒரு விளையாட்டைப் போலத் தொடங்கினார்கள். மறு ஆண்டில், வெளியே போக மனம் வராத குளிர்காலம்தான் எழுத ஏற்றது என்று நவம்பருக்கு மாற்றினார்கள்; அப்போது சேர்ந்தவர்கள் 140 பேர். பிற்காலத்தில் அந்த எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டது. 50,000 சொற்கள் என்ற இலக்குக்குப் பின்னால் பெரிய இலக்கிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. தம் அலமாரியில் இருந்த மெலிந்த நாவல் ஒன்றின் அளவைக் குத்துமதிப்பாக எண்ணிப் பார்த்து பேட்டி வைத்த எண் அது. 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 1,667 சொற்கள் வரும். எழுதியது நன்றாக இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. சொற்களின் எண்ணிக்கை தேறினால் வெற்றிதான். இதை நடத்திவந்த அமைப்பு, பணநெருக்கடியை முக்கியக் காரணமாகச் சொல்லி, 2025 மார்ச் இறுதியில் மூடப்படுவதாக அறிவித்தது. அதனால் சவால் செத்துவிடவில்லை. ஒரு நோட்டும் ஒரு நாட்காட்டியும் இருந்தால் யாருடைய அனுமதியும் இல்லாமல் தொடங்கிவிடலாம். கூட ஓடுகிறவர்களின் கூட்டத்தை மட்டும் இனி அவரவரே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

தமிழில் எழுதுகிறவர் இந்தச் சவாலை ஏற்பதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 50,000 என்ற எண் நமக்குப் பொருந்துமா என்பதுதான். பொருந்தாது என்பது என் கருத்து. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று நாம் எழுதினால் கணினி அதை ஒரு சொல்லாக எண்ணும். இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொற்கள் தேவைப்படும். வேற்றுமை உருபு, காலம், திணை, பால், எண் எல்லாவற்றையும் ஒரே சொல்லின் முதுகில் ஏற்றிவிடுகிற மொழி நம்முடையது. ஆகவே தமிழில் 50,000 சொல் எழுதுகிறவர், அதே எண்ணிக்கையில் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிடக் கணிசமாக நீண்ட கதையை எழுதிவிடுகிறார். என் கணக்கில், டெம்மி அளவுப் புத்தகத்தில் பக்கத்துக்கு 200 முதல் 250 சொற்கள் நிற்கும் என்றால், 50,000 சொல் என்பது 200 பக்கத்தைத் தாண்டிய நாவல். முதல் நாவலுக்கு அது தேவையே இல்லை. 30,000 முதல் 35,000 சொற்களே நல்ல நீளம்தான்.

எண்ணிக்கையில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. கணினி இடைவெளியைப் பார்த்துத்தான் சொல்லை எண்ணுகிறது. 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று. 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து எழுதினால் மூன்று. நவம்பரில் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, அன்றைய கணக்குக்கு முப்பது சொல் குறைந்தபோது, நான் துணைவினைகளைப் பிரித்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதிப் பக்கத்தை நிரப்பிய அதே புத்திதான்.

தட்டச்சு வேகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையைச் சரியாகப் பழகியவருக்கும், ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்குகிறவருக்கும் இடையே நாள்தோறும் அரை மணி நேர வித்தியாசம் வரலாம். (அந்த விசைப்பலகை பிறந்ததும் இந்தச் சவால் பிறந்ததும் ஒரே ஆண்டு என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.) முதல் வரைவில் என் வேகம் மணிக்கு 500 சொல். நாளுக்கு 1,667 என்றால் மூன்று மணி இருபது நிமிடம். 35,000 சொல்லுக்கு ஏறக்குறைய நாளுக்கு 1,200 என்றால் இரண்டு மணி இருபத்து நான்கு நிமிடம். வேலைக்குப் போய்வருகிறவருக்கு இந்த ஒரு மணி நேரம்தான் முடியும் என்பதற்கும் முடியாது என்பதற்கும் நடுவில் நிற்கிறது.

எந்த மாதம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு நவம்பர் பொருந்தலாம். தமிழ்நாட்டில் அது ஐப்பசியும் கார்த்திகையும் சேரும் மாதம். வடகிழக்குப் பருவமழை, மின்தடை, சில ஆண்டுகளில் தீபாவளி, எல்லா ஆண்டிலும் கல்யாண முகூர்த்தங்கள் என்று மாதம் முழுவதும் ஆள் வீட்டில் தங்க வழியில்லை. நான் முதல்முறை நவம்பரில், 50,000 என்ற இலக்கோடுதான் தொடங்கினேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது: 9-ஆம் நாள் 1,742, 10-ஆம் நாள் 1,688, 11-ஆம் நாள் 214, 12-ஆம் நாளுக்கு நேரே ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் வீட்டுக்கு உறவினர்கள் வந்தார்கள், பன்னிரண்டாம் நாள் அவர்களோடு கல்யாணத்துக்குப் போனேன், திரும்பி வந்தபோது விட்டுப்போன சொற்கள் வட்டியோடு நின்றன. ஒரு நாள் விட்டால் மீதி நாள்களின் கணக்கு 1,724 ஆகும்; ஐந்து நாள் விட்டால் 2,000 ஆகும். கடன் ஏறும் வேகத்தைப் பார்த்தவுடன் கை நின்றுவிட்டது.

இதற்கு மாற்றாக நான் கண்டது மார்கழியும் ஆடியும். இரண்டிலும் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, பத்திரிகை வைக்க எவரும் வருவதில்லை. மார்கழிக்கு 29 அல்லது 30 நாள். ஆடிக்கு 31 அல்லது 32 நாள் என்பதால் இரண்டு நாள் கூடுதலாகவே கிடைக்கும். பெருமாள் கோயில் ஒலிபெருக்கி விடியலுக்கு முன்பே எழுப்பிவிடுகிற மார்கழியில் நாலரை மணிக்கு எழுவதற்குத் தனி வைராக்கியமும் தேவைப்படுவதில்லை. திருப்பாவை நாளுக்கு ஒரு பாசுரமாக முப்பது என்பதால், அன்று ஒலிக்கும் பாசுரத்தைக் கேட்டே நான் எத்தனையாவது நாளில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளவும் முடிந்தது. 35,000 என்று இலக்கைக் குறைத்துக்கொண்டு, மார்கழி முதல் நாள் தொடங்கி, போகிக்கு முந்தின இரவு 36,210 சொற்களில் ரைஸ் மில் கதையை முடித்தேன்.

முடித்தேன் என்று சொல்வதில் ஒரு திருத்தம் உண்டு. பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டு எடுத்துப் படித்தபோது, நான்காம் அத்தியாயத்தில் மாரடைப்பில் இறந்து தகனமும் ஆகிவிட்ட மில் முதலாளி, பதின்மூன்றாம் அத்தியாயத்தில் திண்ணையில் உட்கார்ந்து காப்பி கேட்டார். கணக்குப்பிள்ளையின் பெயர் பாதிக் கதையில் சண்முகம், மீதியில் ஆறுமுகம். இரண்டும் முருகன்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாமே தவிர, வாசகர் ஏற்கமாட்டார். எழுதியதில் மூன்றில் ஒரு பகுதியை வெட்டினேன். பாய்லர் வெடிக்கும் இடத்தை முழுதாகத் திரும்ப எழுதினேன். எல்லாம் சேர்ந்து ஒன்பது மாதம் ஆயிற்று. ஆகையால் ஒரு மாதச் சவாலை, நிதானமாக ஒன்பது மாதம் எழுதும் வேலையோடு ஒப்பிடும்போது, பத்து மாதத்தை ஒன்பது மாதத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. நவம்பரில் எழுதிவிட்டு ஜனவரிச் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் வெளியிட்டுவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அச்சகம் தயாராக இருக்கலாம். கதை தயாராக இருக்காது.

இருந்தாலும் அந்த மார்கழி எனக்குக் கொடுத்ததை வேறு எந்த வழியும் கொடுக்கவில்லை. கதையின் முடிவு எங்கே என்று எனக்குத் தெரிந்தது. முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தைத் திருத்துவதும், தெரியாமல் நான்கு ஆண்டு திருத்துவதும் ஒன்றல்ல. நான் அத்தனை பாடுபட்டு மெருகேற்றிய களத்து வர்ணனை கதைக்கே தேவையில்லை என்பது இருபதாம் நாள் விளங்கிவிட்டது.

வேகமாக எழுதியவர்களுக்கு உதாரணம் என்று எல்லோரும் காட்டுவது ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியை. 1866-இல், நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவலைக் கொடுக்காவிட்டால் அடுத்த ஒன்பது ஆண்டுகள் அவருடைய எழுத்துகளைப் பணம் கொடுக்காமலே வெளியிடும் உரிமை பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கிக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தத்தில் அவர் சிக்கியிருந்தார். அக்டோபர் 4-ஆம் தேதி தொடங்கி 26 நாளில் ஒரு முழு நாவலைச் சொல்லி எழுதவைத்து முடித்தார். இதைச் சொல்கிறவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். சூதாட்டக்காரன் ஒருவனைப் பற்றிய அந்தக் கதையின் கருவை அவர் 1863-லேயே ஒரு கடிதத்தில் விவரித்திருந்தார். ஆகவே 26 நாளுக்கு முன்னால் மூன்றாண்டு ஊறல் இருக்கிறது. இரண்டாவது, அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து, வீட்டுக்குப் போய் இரவில் விரித்தெழுதி, மறுநாள் கொண்டுவந்தவர் இருபது வயது அன்னா ஸ்னித்கினா. மறு ஆண்டில் அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதை எல்லோரும் ரசித்துச் சொல்கிறார்கள். அந்தக் கை இல்லாவிட்டால் நாவலும் இல்லை என்பதைச் சொல்வதில்லை. கரு ஊறாமல், ஒரு வரிக் கதைகூடக் கையில் இல்லாமல் முப்பது நாளில் இறங்குகிறவர் ஏழெட்டு நாளில் வறண்டுபோவார் என்றே நினைக்கிறேன்.

நாளுக்கு முந்நூறு சொல் என்னும் வழி, பார்க்க எளிது. வாரம் ஆறு நாள், 26 வாரம் எழுதினால் 46,800 சொற்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லை, வீட்டில் முணுமுணுப்பு இல்லை, ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய நட்டமும் இல்லை. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப், அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடியாரத்தை முன்னால் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதி நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்களைக் கொடுத்தார். அவர் செய்ததில் பின்பற்றத்தக்கது வேகமல்ல, முதல் அரை மணி நேரத்தை முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கு ஒதுக்கியது. நான் இந்த வழியில் ஐந்து மாதம் போனேன். என் குறை, அந்த வாசிப்புக்கு நேரம் ஒதுக்காததுதான். மூன்றாம் மாதத்தில் என் பாத்திரங்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக அறிமுகமாகிக்கொண்டார்கள். எழுதும் நடை இந்த வழியில்தான் மேம்படுகிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் அத்தியாயத்தைத் திருத்தும் வியாதி உள்ளவருக்கு இது மருந்தாகாது. கெடு இல்லாததால் அவர் முந்நூறு சொல்லையும் பழைய பக்கத்துக்கே செலவழித்துவிடுவார்.

தொடர்கதை என்பது தமிழுக்குப் பழகிய பாதை. நம்முடைய மிகப் புகழ்பெற்ற வரலாற்று நாவல் 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரந்தோறும் வந்தது. நம் காலத்தில் மகாபாரதத்தை 26 நாவல்களாக ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள் ஓர் அத்தியாயம் என்று இணையத்தில் வெளியிட்டார். சராசரி பார்த்தால் மூன்று மாதத்துக்கு ஒரு நாவல். காத்திருக்கும் வாசகர் ஒருவர் இருந்தாலும் வியாழக்கிழமை இரவு எழுதித்தான் தீர வேண்டியிருக்கும். எந்த நாட்காட்டியும் தராத நெருக்கடி அது. அதன் விலை, வெளிவந்த அத்தியாயத்தைத் திரும்ப வாங்க முடியாது என்பது. ஒரு சிறிய இணைய இதழில் நான் பதினான்கு வாரம் தொடர் எழுதினேன்; மூன்றாம் வாரத்தில் அவசரத்தில் ஊரைவிட்டு ஓடவைத்த ஒரு தம்பி பத்தாம் வாரத்தில் எனக்குக் கட்டாயம் தேவைப்பட்டான், அவனைத் திரும்பக் கொண்டுவர நான் சொன்ன காரணத்தை எவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. முதல் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு தொடர் எழுதுவது வேறு; வாரத்துக்கு வாரம் கதையைக் கண்டுபிடித்து எழுதுவது, அனுபவம் உள்ளவர்களுக்கானது.

கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவதில் முன்மாதிரியாகக் காட்டப்படுவது பிரிட்டிஷ் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ. 1987 கோடையில் நான்கு வாரம், ஞாயிறு தவிர எல்லா நாளும், காலை 9 மணி முதல் இரவு பத்தரை வரை, மதிய உணவுக்கு ஒரு மணி, இரவு உணவுக்கு இரண்டு மணி தவிர வேறு எதையும் செய்யாமல் எழுதினார். கடிதத்தைத் தொடவில்லை, தொலைபேசி அருகே போகவில்லை. அவரே எழுதிய குறிப்பில் இதையும் சொல்கிறார்: அந்த நான்கு வாரமும் சமையலிலும் வீட்டுவேலையிலும் அவருடைய பங்கை அவர் மனைவி ஏற்றுக்கொண்டார். கதைக்கு வேண்டிய வாசிப்பையும் இஷிகுரோ முன்னரே முடித்துவைத்திருந்தார். சம்பளத்தோடு ஒரு மாத விடுப்பு கிடைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பது ஒரு புறம் இருக்கட்டும். அந்த மாதம் அடுப்படியை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இந்த வழியை எவருக்கும், முக்கியமாகக் குடும்பத்தில் உள்ள பெண்களுக்கு, பரிந்துரைக்க எனக்கு வாய் வரவில்லை. டிராலப்பைக் காலையில் எழுப்ப ஒரு முதிய வேலைக்காரர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார் என்பதாவது ஆறுதல்.

ஆகவே என் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். இதுவரை ஒரு நாவலையும் முடிக்காதவர், கருவை ஓராண்டாவது மனத்தில் சுமந்தவர், திருத்தும் வியாதி உள்ளவர் என்றால், ஒருமுறை, ஒரே ஒருமுறை, முப்பது நாள் சவாலை ஏற்கலாம். 35,000 போதும், ஆடியிலோ மார்கழியிலோ போதும், அத்தியாயத்துக்கு ஒரு வரி வீதம் கதையை முன்பே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். திருத்தத்துக்கு நாள் முந்நூறு சொல் வழியில் போகலாம். சிறு குழந்தையோ, படுக்கையில் பெரியவர்களோ உள்ள வீட்டில் இருப்பவருக்கு முப்பது நாள் சவால் வேண்டாம். பாதியில் நின்ற கணக்கு அவர் மனத்தில் தேவையில்லாத குற்றவுணர்வைத்தான் விட்டுச் செல்லும். நடையை நம்பியே எழுதுகிறவர், ஒரு வாக்கியம் சரியாக அமையாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியாதவர், இந்த வேகத்தில் தம்மை இழந்துவிடுவார். அவருக்கு நாளுக்கு நூறு சொல்கூடத் தகும். தொடர்கதையை இரண்டாவது நாவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் மார்கழி வெற்றிபெற்றதில் என் வைராக்கியத்தின் பங்கு எவ்வளவு என்று பின்னால் எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்பது நாளும் நாலேமுக்காலுக்கு மேசைக்குக் காப்பி வந்தது. பிள்ளையின் அரையாண்டு விடுமுறையும் மாமியாரின் கண் சிகிச்சையும் என் அறைக் கதவைத் தட்டாமலே நடந்து முடிந்தன. என் மனைவியிடமும் ஒரு கதை இருக்கிறது என்பது, எனக்கு முன்பே அவர் ஒரு நோட்டில் எட்டு அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறார் என்பது, போகியன்று பழையவற்றை ஒதுக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. வரும் ஆடி முதல் தேதி மேசை அவருக்கு. 32 நாள், நாளுக்கு ஆயிரம் சொல் என்று அவரே கணக்குப் போட்டுச் சமையலறை நாட்காட்டியில் குறித்திருக்கிறார். சாம்பாருக்குப் பருப்பு எத்தனை விசில் என்று நான் இப்போதே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.